மஞ்சள் பூசாமல் வாருங்கள்

ஜூன் 12, புதன்

இன்று என் கையிலிருந்து கரண்டியை வாங்கி ராசாமணியிடம் கொடுத்துவிட்டார்கள். பதினோரு வருடமாக இந்தப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்குகிறேன். ராசாமணி என் உதவியாள். வெங்காயம் உரிக்கச் சொன்னால் பாதியைத் தோலோடு போடுகிறவள். அவள் இன்று தக்காளி சாதம் கிளறினாள். நான் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து அரிசி மூட்டையை வேடிக்கை பார்த்தேன்.

எல்லாம் என் கழுத்தால் வந்தது. சித்திரை வெயிலில் கழுத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளி விழுந்தது. வைகாசியில் அது தோளுக்கு இறங்கி, முதுகுக்குப் போய், காசு காசாகப் பரவிவிட்டது. அடுப்படியில் வேர்க்கும்போது கொஞ்சம் நமைச்சல், அவ்வளவுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் அம்மா துளசிமணி இதைப் பார்த்துவிட்டு, “வெண்குஷ்டம் வந்தவ கையால எம்புள்ள சோறு திங்காது” என்று பள்ளிக்கூடத்து வாசலில் நின்று சொல்லிவிட்டாள். மறுநாளே ஏழெட்டுப் பிள்ளைகள் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்தன.

தலைமையாசிரியை வசந்தகோகிலம் டீச்சர் நல்ல மாதிரி. ஆனால் நல்ல மாதிரிகளுக்குத்தான் பயம் அதிகம். “இந்திராணி, நான் ஒண்ணும் சொல்லல. பெத்தவங்க சொல்றாங்க. ஜூலை அஞ்சாந்தேதி பெற்றோர் கூட்டம். அதுக்குள்ள டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வந்துருங்க. வரலீன்னா நான் மேல எழுதிப் போட வேண்டியதாயிரும்” என்றார்.

மேலே எழுதினால் வேலை போய்விடும். வேலை போனால் நான் வீட்டில் யாருக்குச் சமைப்பது?

ஜூன் 13, வியாழன்

ராசாமணியின் சாம்பாரைப் பிள்ளைகள் குடிக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு அப்படிச் சந்தோஷப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது. பிறகு மறுபடியும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜூன் 14, வெள்ளி

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். உலை வாயை மூடுவதும் இப்போது என் கையில் இல்லை.

மெடிக்கல் கடைக்காரரிடம் கழுத்தைக் காட்டினேன். அவர் கல்லாவிலிருந்து எழுந்திருக்காமலேயே, “தேமலாட்டம் இருக்குதுங்க்கா, இதைப் பூசுங்” என்று ஒரு டியூப் கொடுத்தார். காலையிலும் மாலையிலும் பூசச் சொன்னார். நான் பள்ளிக்கூடத்திலும் ஒரு தடவை பூசினேன். சும்மா உட்கார்ந்திருக்கிற கைக்கு ஒரு வேலை வேண்டாமா?

ஜூன் 16, ஞாயிறு

சரசு வந்தாள். என் வீட்டுக்காரர் செங்கோட்டுவேலின் தங்கை. அடுத்த தெருவில் குடியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து அதே கேள்வியைக் கேட்பாள்.

“அண்ணன் போன் பண்ணுச்சுங்களா அண்ணி?”

“பண்ணுனாரு. காலையில. உன்னையக் கேட்டாரு.”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. “என்கிட்ட மட்டும் பேசவே மாட்டேங்குது பாருங்க” என்று செல்லமாக முறைத்துக்கொண்டாள்.

அவர் போர்வெல் ரிக் வண்டியில் சத்தீஸ்கர் போயிருக்கிறார். இந்தப் பக்கத்து ஆண்கள் பாதிப் பேர் அப்படித்தான், ஊர் ஊராக நிலத்தைத் துளைத்துக்கொண்டு திரிகிறார்கள். பொங்கலுக்கு வருவார்கள், மாரியம்மன் பண்டிகைக்கு வருவார்கள். அவருக்கு வேலை அதிகம், வர முடியவில்லை. காட்டுக்குள் டவர் கிடைக்காது.

போனுக்குச் சார்ஜ் போட்டுப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். லோன் வேண்டுமா என்று ஒரு பெண் கேட்டாள்.

ஜூன் 18, செவ்வாய்

அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் செவ்வாய்க்கிழமைதான் உட்காருவாராம். டவுனுக்குப் போகிறோம், அதுவும் டாக்டரிடம் போகிறோம், அழுக்காகப் போக முடியுமா? விடியக் காலையில் எழுந்து பீர்க்கங்காய் நாரால் கழுத்தையும் முதுகையும் நன்றாகத் தேய்த்துக் குளித்தேன். குண்டு மஞ்சளைக் கல்லில் உரசி முகம், கழுத்து, கை எல்லாம் வழக்கத்தைவிட ஒரு பூச்சு கூடவே பூசினேன். தாலிக் கயிற்றுக்கும் தேய்த்தேன். அதற்கு மேல் மெடிக்கல் கடை மருந்தை அப்பினேன். கண்ணாடியில் பார்த்தால் கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி இருந்தேன்.

டாக்டர் பெயர் மெஹருன்னிசா. என்னைவிடச் சின்னவர், கண்ணாடி போட்டவர், அவசரப்படாதவர். முதலில் பஞ்சால் தொட்டு, “தெரியுதாம்மா?” என்றார். குண்டூசி முனையால் தொட்டு, “இது?” என்றார்.

“கொதிக்கிற சாம்பார் தெறிச்சாலே தெரியுதுங்க. இது தெரியாதுங்களா?”

“கோவிச்சுக்காதீங்க. தொழுநோய் இல்லைன்னு பார்த்துக்கணும். தொட்டா தெரியுது, அந்தப் பயம் வேண்டாம்.”

பிறகு ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்து, கையில் பிடிக்கிற ஊதா விளக்கு ஒன்றை என் கழுத்துக்கு நேராகப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கை கழுவுகிற தொட்டிக்கு மேலே ஒரு கண்ணாடி இருந்தது, அதில் எட்டிப் பார்த்தேன். என் முகமும் கழுத்தும் அந்த இருட்டில் ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தன. பண்டிகைக்கு அலங்காரம் பண்ணிய அம்மன் மாதிரி. ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

டாக்டர் விளக்கைப் போட்டார். “மஞ்சள் பூசியிருக்கீங்களா? இந்த வெளிச்சத்துல தேமலும் மஞ்சளாத் தெரியும், நீங்க பூசின மஞ்சளும் எரியும். எது எதுன்னு நான் எப்படிப் பிரிக்கிறது?”

“வெண்குஷ்டமா இருந்தா?”

“அது சுண்ணாம்பு மாதிரி பளிச்சுனு தெரியும். எனக்குத் தேமல்னுதான் தோணுது. ஆனா கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும்னா தோணினா போதாது, பார்க்கணும்.”

கழுத்தில் கண்ணாடிச் சில்லால் சுரண்டி, எதிலோ நனைத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்து வெகு நேரம் பார்த்தார். ஒன்றும் இல்லையாம். இருக்கிற கிருமியையும் நான் மருந்து போட்டு விரட்டி, மிச்சத்தைப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருக்கிறேனாம். எல்லாரும் திட்டு வாங்குவது அழுக்குக்காக. நான் சுத்தத்துக்காகத் திட்டு வாங்கினேன்.

“ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. மருந்து போடாதீங்க. கழுத்தத் தேய்க்காதீங்க, சும்மா தண்ணி ஊத்திக்கிட்டா போதும். முக்கியமா, மஞ்சள் பூசாம வாங்க. அந்தக் கயித்துக்கும் தேய்க்க வேண்டாம், அதுலதான் கழுத்தெல்லாம் ஊறியிருக்கு.”

“அதெப்படிங்க?”

“ஏம்மா, ரெண்டு வாரம்தானே?”

அவரிடம் என்ன சொல்வது? சரி என்று வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது முந்தானையால் கழுத்தைச் சுற்றிக்கொண்டேன்.

ஜூன் 19, புதன்

குளித்துவிட்டு மஞ்சள் கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு வெறும் முகத்தோடு வெளியே வந்தேன். குங்குமத்தை மட்டும் வழக்கத்தைவிடப் பெரிதாக வைத்தேன்.

ஜூன் 21, வெள்ளி

தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஒருத்தி, “என்னுங்க்கா, மூஞ்சி வெளிறிக் கெடக்குது, சேதி ஏதாச்சும் வந்துச்சா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு என் கழுத்துக் கயிற்றைப் பார்த்தாள்.

“சேதியும் இல்ல, சேமியாவும் இல்ல. டாக்டர் பூசக்கூடாதுன்னுட்டாங்க” என்றேன்.

அவள் நம்பவில்லை. வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசாத கழுத்தை இந்த ஊர் நம்பாது. பூசினால் நோயாளி, பூசாவிட்டால் அதைவிடப் பெரிய கேள்வி.

ஜூன் 23, ஞாயிறு

சரசு கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். “போன் பண்ணுனாரு. நல்லா இருக்காரு. உன்னையக் கேட்டாரு.”

அவள் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டாக்டர், விளக்கு, மைக்ராஸ்கோப் எல்லாம் சொன்னேன். “ஓ” என்றாள். காபி குடிக்காமல் போய்விட்டாள்.

ஜூன் 25, செவ்வாய்

கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. வீட்டில் இருக்கிற பாத்திரம் எல்லாவற்றையும் இறக்கித் தேய்த்தேன். அது முடிந்ததும் தேய்க்க எதுவுமில்லாமல் மறுபடி அவற்றையே தேய்த்தேன். மருந்து இல்லாததால் நமைச்சல் திரும்பிவிட்டது. வெள்ளைக் காசுகள் கழுத்தைத் தாண்டிக் காது வரைக்கும் ஏறுகிற மாதிரி இருக்கிறது. சொறியக்கூடாது என்று கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தேன். பிறகு எழுந்து நடந்தேன். வாசலுக்கும் கொல்லைக்கும் எத்தனை தடவை நடப்பது?

பள்ளிக்கூடத்தில் ராசாமணி ஜன்னல் வழியாக, “அக்கா, இதுக்கு உப்பு எவ்வளவுங்க?” என்று கேட்டாள். எட்டிப் பார்த்து ஆவியை மோந்தேன். “இன்னும் ஒரு கை போடு. புளி பத்தல. பெருங்காயத்தைக் கண்ணுலயே காட்டல போல” என்றேன். அப்புறம் ஸ்டோர் ரூமுக்கு வந்து மூட்டை மேல் உட்கார்ந்து முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

ஜூலை ஐந்துக்குள் அந்த எழுத்து கிடைக்காவிட்டால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். யோசிக்கவே முடியவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பெரிய அண்டாவை நான் ஒரு பாத்திரத்துக்கு மேல் நினைத்ததில்லை, ஆனால் பதினோரு வருடமாக மத்தியானம் ஆனால் என்னைத் தேடி நூறு தட்டு வருகிறது.

ஜூன் 27, வியாழன்

சாயங்காலம் சரசு தலைவிரி கோலமாக வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, என் இரண்டு தோளையும் பிடித்தாள்.

“நெசத்தைச் சொல்லுங்க அண்ணி. எங்கண்ணனுக்கு என்னாச்சுன்னு நாலு நாளா தூங்கலீங்க. கயிறு வெளுத்துக் கெடக்குது, மூஞ்சி வெளுத்துக் கெடக்குது. செத்துப்போச்சு, நீங்க மறைக்கறீங்கன்னே நெனச்சுட்டேன்.”

“டாக்டர் சொன்னாங்கன்னு சொன்னேனே சரசு.”

“நம்பலீங்க. அதான் இன்னிக்கு ரிக் மேனேஜர் நம்பரைத் தேடிப் புடிச்சுப் பேசிட்டேன்.”

நான் அடுப்பில் பாலைப் பார்க்கப் போனேன். அவள் பின்னாலேயே வந்தாள்.

“அண்ணன் நல்லா இருக்குதாம். ரிக்கை விட்டு எறங்கியே ரெண்டு வருசமாச்சாம். அங்கேயே கடை வெச்சுருக்குதாம். அங்க ஒரு...” மூக்கை உறிஞ்சினாள். “கொழந்தைகூட இருக்குதாம் அண்ணி.”

பால் பொங்கி வழிந்தது. துணியால் துடைத்தேன்.

“உங்களுக்குத் தெரியுமா?” என்றாள். நான் பால் துணியைப் பிழிந்தேன். “ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம என்னையக் கேட்டாருன்னு சொன்னீங்களே. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுட்டீங்களே அண்ணி.”

“நான் ஆக்கறது பெரிய அண்டாவுல, சரசு” என்றேன்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். புருஷன் போனது எனக்கு, தேற்ற வேண்டியது அவளை.

ஜூன் 28, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் கீரை சாதம். வேறொன்றும் இல்லை.

ஜூன் 30, ஞாயிறு

போன் வந்தது. நிஜமாகவே வந்தது. சரசு அவரைத் தேடிப்பிடித்துக் காறித் துப்பியிருக்கிறாள் போல.

“நல்லா இருக்கறயா?” என்றார்.

“இருக்கறேனுங்க.”

“உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையா வந்துருச்சுன்னு சரசு சொன்னா. அந்த வியாதிதானா? டாக்டர் என்னான்னு சொன்னாரு?”

அவர் குரலைக் கவனித்துக் கேட்டேன். பதினெட்டு வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்தக் குரல் தெரியும். அதில் பயம் இல்லை. ஒரு ஆசை இருந்தது. அது அந்த வியாதிதான் என்று நான் சொல்லிவிட்டால், நாளைக்கு ஊருக்கு வந்து தலையை நிமிர்த்திக்கொண்டு சொல்ல அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். ‘அவளுக்கு அப்படி, அதனாலதான் நான் இப்படி’ என்று சொல்லலாம். வியாதி வந்தது இந்தச் சித்திரையில், அவர் போனது அதற்கு முன்னால் என்று யார் கணக்குப் பார்க்கப் போகிறார்கள்?

“செவ்வாய்க்கெழம தெரியுமுங்க” என்றேன்.

“தெரிஞ்சா சொல்லு.”

“சொல்றேன்.” வைத்துவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் வாய் கேட்டுவிட்டது. “கொழந்தைக்கு என்னங்க பேரு?”

“நேத்ரா” என்றார்.

“நல்ல பேரு” என்றேன்.

போனை வைத்துவிட்டு அழுதேன். இதை ஏன் மறைத்து எழுத வேண்டும்? நன்றாக, சத்தம் போட்டு அழுதேன். அவர் போனதற்கா, அந்த வெள்ளைக் காசுகளை அவர் ஆவலாய் விசாரித்ததற்கா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஜூலை 1, திங்கள்

நாளைக்கு அந்த விளக்கில் என்ன தெரியுமோ. இருப்புக் கொள்ளவில்லை. தேமலாக இருக்க வேண்டும், தேமலாக இருக்க வேண்டும் என்று நடந்துகொண்டே இருக்கிறேன். எனக்காக மட்டும் இல்லை. அவருக்கு அந்தக் காரணம் கிடைக்கவே கூடாது.

ஜூலை 2, செவ்வாய்

பவுடர்கூடப் போடாமல் போனேன். டாக்டர் என்னைப் பார்த்ததும், “அடையாளமே தெரியல” என்றார். ஜன்னலைச் சாத்தினார். விளக்கு அணைந்தது. ஊதா வெளிச்சம் வந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். “கண்ணாடியில பாருங்க” என்றார். பார்த்தேன். முகம் இருட்டாக இருந்தது. நெற்றி, கன்னம் எதிலும் ஒன்றும் இல்லை. போன தடவை எரிந்த அம்மனைக் காணவில்லை. கழுத்திலும் தோளிலும் மட்டும் பழைய பித்தளை நிறத்தில் காசு காசாக மங்கலாகத் தெரிந்தது.

“சுண்ணாம்பு மாதிரி இல்லீங்களே?” என்றேன்.

“இல்லவே இல்ல. இருங்க, இன்னும் முடியல.”

கண்ணாடிச் சில்லால் லேசாகச் சுரண்டினார். சோளத் தவிடு மாதிரி செதில் உதிர்ந்தது. அதைச் சில்லில் வைத்து ஒரு சொட்டு மருந்து விட்டார். செதில் கரைந்தால்தான் உள்ளே இருப்பது தெரியுமாம். கொஞ்ச நேரம் காத்திருந்து, மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் உடனே நிமிர்ந்துவிட்டார். “வாங்க, நீங்களே பாருங்க.”

ஒற்றைக் கண்ணை இடுக்கிப் பார்த்தேன். குட்டிக் குட்டி உருண்டைகள் கொத்துக் கொத்தாக இருந்தன. நடுநடுவே வளைந்த துண்டுக் குச்சிகள்.

“சேமியா ஜவ்வரிசி பாயசமுங்க” என்றேன்.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். “அதேதான். இதுதான் தேமல். ஈஸ்ட்னு சொல்ற பூஞ்சை.”

“ஈஸ்ட்டுன்னா பேக்கரியில ரொட்டி உப்பறதுக்குப் போடுவாங்களே?”

“அதுக்கு இது தூரத்துச் சொந்தம். இது எல்லார் தோல்லயும் இருக்கறதுதான், எனக்கும் இருக்கு. சூடும் வேர்வையும் எண்ணெயும் சேர்ந்தா பெருகிடும். நீங்க நாள் பூரா அடுப்புகிட்ட நிக்கறீங்கல்ல? யாருக்கும் தொத்தாது. சோத்து வழியாப் போகவே போகாது.”

கூடவே இருந்ததுதானாம், சூடு கண்டதும் குணம் மாறிவிட்டதாம். அப்படிச் சில பேரை எனக்கும் தெரியும்.

எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார். பூசுவதற்கு மருந்தும் கொடுத்தார். “கிருமி சீக்கிரம் போயிடும். ஆனா நிறம் திரும்ப மாசக்கணக்கா ஆகும். இன்னும் வெள்ளையா இருக்கேன்னு பயந்து கண்டதையும் பூசாதீங்க.” வாசல் வரைக்கும் போன என்னைக் கூப்பிட்டு, “இனிமே மஞ்சள் பூசிக்கலாம்மா” என்றார்.

பஸ் ஸ்டாண்டில் நின்று அவருக்குப் போன் செய்தேன்.

“தேமல்தானுங்க. தொத்தாது. எழுதி வாங்கிட்டேன்.”

“ஓ” என்றார். சொத்து கைவிட்டுப் போன மாதிரி ஒரு ‘ஓ’. நான் கடலைப்பொரி வாங்கித் தின்றுகொண்டே பஸ் ஏறினேன்.

ஜூலை 5, வெள்ளி

பெற்றோர் கூட்டம். வசந்தகோகிலம் டீச்சர் டாக்டர் எழுத்தைச் சத்தமாகப் படித்தார். “தேமல். தொற்று நோய் அல்ல. சமையல் பணி செய்யத் தடை இல்லை” என்று கடைசி வரியை இரண்டு தடவை படித்தார். அவருக்கும் நிம்மதிதான். ராசாமணி கூட்டம் முடிகிற வரைக்கும்கூடப் பொறுக்காமல் கரண்டியைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். “சாமி, இந்தப் பொழப்பு எனக்கு வேண்டாமுங்க்கா” என்றாள்.

துளசிமணிக்கு மட்டும் ஆறவில்லை. சமையலறை வாசல் வரை வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் நாலைந்து பேர்.

“தேமல்னு ஆயிப்போச்சு, சரி. பொறவு ஏனுங்க்கா இன்னும் மஞ்சள் பூசாம நிக்கறீங்க? டாக்டர் இன்னும் வேண்டாம்னுட்டாங்களா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அண்டாவில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. இதற்குள் இன்னொரு பூசணிக்காயை மறைக்க எனக்குத் தெம்பு இல்லை.

“பூசிக்கலாம்னு சொல்லிட்டாங்க. நாந்தான் பூசலீங்க.”

“ஏனுங்க? அவருக்கு...”

“அவரு நல்லா இருக்காருங்க. சத்தீஸ்கர்ல, பொண்டாட்டி கொழந்தையோட நல்லா இருக்காரு. கொழந்தை பேரு நேத்ரா.” கரண்டியால் ஒரு கலக்குக் கலக்கினேன். “நானும் நல்லா இருக்கறேன். உங்க புள்ளைக்குச் சோறு போடட்டுமா?”

துளசிமணி என் முகத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். “போடுங்க்கா” என்றாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் தட்டோடு ஓடி வந்து வரிசையில் நின்றன. துளசிமணியின் பெண்தான் முதலில் நின்றாள். அவளுக்கு ஒரு கரண்டி சாம்பார் கூடவே ஊற்றினேன். இன்று ஒரு தட்டிலும் மிச்சம் இல்லை.